பராக்கும் மறவாமையும்

சிறு வயதில் பாவசங்கீர்த்தனத்திற்கு நம்மை ஆயத்தம் செய்த கன்னியர், சொல்ல வேண்டிய பாவங்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடமாகவே தந்திருந்தனர். பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை, தம்பியை அடித்தேன் என்று நீளும் அப்பட்டியலின் இறுதியில் தவறாமல் நிற்பது 'பராக்காய்ச் செபித்தேன்' என்பது. அதன் பொருள் என்னவென்று கேட்கும் துணிவு அன்று நமக்கு இல்லை. வாய் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, மனம் மட்டும் கோயில் உத்தரத்தில் கூடு கட்டும் குருவியின் பின்னே போய்விடுவதே பராக்கு என்று பின்னாளில் புரிந்தது.

விந்தையான சொல் இது. அரசன் அவைக்கு வரும்போது கட்டியங்காரன் 'பராக், பராக்' என்று கூவுவான். 'கவனம், கவனம்' என்பது அதன் பொருள். அதே சொல்தான் நம் பேச்சு வழக்கில் கவனமின்மையையும் குறிக்கிறது. தெருமுனையில் பராக்குப் பார்த்து நிற்பவனுக்குக் கண் திறந்திருக்கிறது. ஆள்தான் அங்கே இல்லை. கவனமும் கவனமின்மையும் ஒரே சொல்லில் குடியிருப்பது மனித மனத்தின் இயல்பை அப்படியே காட்டுகிறதன்றோ!

'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் விழிப்புத் தியானம் இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் அதனைக் கற்பிக்கின்றனர். கைப்பேசியிலும் அதற்கெனச் செயலிகள் வந்துவிட்டன. மன அமைதி வேண்டி அதனை நாடுவோர் பலர். நாம் அதனிடம் சென்ற வழி வேறு. ஒரு மனிதர் இவ்வுலகில் கடைசியாகப் பேசிய பேச்சை நாம் தொலைத்துவிட்டோம். அந்த இழப்பிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

ஆண்டுதோறும் ஐப்பசியில் பருவக்காற்று திரும்பும்போது, நாகை மாவட்டத்தின் பல கடற்கரை ஊர்களிலிருந்து மீனவக் குடும்பங்கள் கோடியக்கரைக்கு வந்து, கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கிப் பருவம் முடியும்வரை தொழில் செய்வது வழக்கம். நாம் அப்போது வேதாரணியம் வட்டாரத்தில் ஒரு கடலோரப் பங்கில் பணியாற்றி வந்தோம். நம் பங்கிலிருந்தும் சில குடும்பங்கள் அங்கே செல்லும். அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்ற நாமும் அவ்வப்போது போய்வருவோம். ஒருபுறம் காடு, ஒருபுறம் உப்பளம், மறுபுறம் கடல். சோழ மண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி ஓடி வந்து, சட்டெனத் திரும்பிப் பாக்கு நீரிணையைப் பார்க்கும் முனை அது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரணியம் அருகே கரையைக் கடந்தது. வட்டாரமெங்கும் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. உப்பளங்களில் சேறு ஏறியது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்தன. வெளிமான்களும் புள்ளிமான்களும் மடிந்தன. கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. மின்சாரம் வரப் பல நாள்கள் ஆயின. நமது பங்கு இல்லத்தின் தாழ்வாரம் நிவாரணக் கிடங்காக மாறிற்று. யார் வீட்டுக்கு அரிசி போயிற்று, யாருக்குத் தார்ப்பாய் கிடைக்கவில்லை என்று அரிக்கன் விளக்கொளியில் கணக்கெழுதுவதே நமது மாலை வேலையாயிற்று.

அந்நாள்களில் முதியவர் ஒருவர் மாலைதோறும் வந்து தாழ்வாரத் திண்ணையில் அமர்வார். கோடியக்கரையில் நிறுத்தியிருந்த ஃபைபர் படகையும் வலைகளையும் புயலுக்குக் கொடுத்தவர். அவர் எதையும் கேட்டு வரவில்லை. தோளில் கிடக்கும் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். நாம் 'உம்' என்போம்; 'ஆமாம் ஐயா' என்போம்; தலையை உயர்த்தாமல் எழுதிக்கொண்டிருப்போம். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, வழக்கம்போல் எழுந்து, "வரேன் சாமி" என்று சொல்லிச் சென்றார். அன்றிரவே உறக்கத்தில் உயிர் பிரிந்தது.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அவருடைய மனைவி சக்கிறீஸ்து வாசலில் வந்து நின்றார்.

"சாமி, கடைசியா அவரு உங்ககிட்டதானே பேசிக்கிட்டிருந்தாரு. வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேசல, படுத்துட்டாரு. உங்ககிட்ட என்ன சொன்னாரு சாமி?"

நமக்கு ஒரு சொல்லும் நினைவில் இல்லை. அன்று மாலை கணக்கில் எழுதிய தார்ப்பாய்களின் எண்ணிக்கை நினைவிருந்தது: 84. இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் ஒரு கை நீளத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசிய மனிதரின் பேச்சு, தண்ணீரில் எழுதிய எழுத்தாய்ப் போயிற்று. "நல்ல வார்த்தைதான் பேசினார், அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அது பொய். திருவுடையைக் கழற்றாமலே சொன்ன பொய்.

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் நினைவைப் பற்றி நிறையக் கற்றிருந்தோம். நற்கருணைப் பலியே ஒரு நினைவுகூர்தல் என்பதும், அந்நினைவு பழைய நிகழ்ச்சியொன்றை எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல் அதனை இன்று நம்மிடையே உயிரோடு நிறுத்துவது என்பதும் தேர்வுக்காகப் படித்த பாடங்கள். ஆயின் நினைவின் தொடக்கம் எங்கே என்று நாம் கேட்டதில்லை. எதனிடத்தில் நாம் இருந்தோமோ அதுவே நினைவில் நிற்கும். எதனிடத்தில் நாம் இல்லையோ அதை நினைவுகூர எவ்வளவு முயன்றாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. இந்த எளிய உண்மையை அந்தக் கைம்பெண்ணின் கேள்வி நமக்குக் கற்பித்தது.

பின்னர் பௌத்தத் தியானத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. இன்று ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று வழங்கும் சொல்லுக்கு மூலமான பாலிச் சொல் 'சதி'. வடமொழியில் 'ஸ்மிருதி'. அதன் நேர்ப்பொருள் நினைவு. புத்தர் வகுத்த எண்வகை வழியில் ஏழாவதாக நிற்கும் இதனைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்பர். கடைப்பிடி என்பதற்கு நம் பழைய உரையாசிரியர்கள் தரும் பொருளும் மறவாமையே. ஆகவே விழிப்புத் தியானம் என்பது கண்ணை மூடிக்கொண்டு எதையும் எண்ணாதிருக்கும் வித்தை அன்று. இப்போது இங்கே இருக்கிறோம் என்பதை மறவாதிருத்தல். மறந்தபின் மீண்டும் நினைத்தல். அவ்வளவே.

இதனை அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் நம்மவருள் உண்டு. காவிரிப் படுகையில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்லலாகாது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் காவிரிக் கரையில் இருந்து பாலி மொழியில் நூல்கள் இயற்றியவர். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்குச் சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே இறையிலியாக விட்டான். லெய்டன் செப்பேடுகள் அதற்குச் சான்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள், கோடியக்கரைக் கடலையும் அந்த விகாரத்தையும் ஒரே கதையில் கண்டிருப்பார்கள். மூச்சு நீளமாக வந்தால் நீளமென்று அறிந்து, குறுகி வந்தால் குறுகியதென்று அறிந்து அமர்ந்திருந்த துறவியர், இந்த மண்ணில், இந்த உப்புக்காற்றில்தான் அமர்ந்திருந்தனர்.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பௌத்தச் செங்கற்கோபுரம் ஒன்றை, கடலோடிகள் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டு கரை சேர்ந்த அந்தக் கோபுரத்தை, 1867-இல் அரசின் அனுமதி பெற்று இடித்தவர்கள் நம் திருச்சபையின் துறவியர். கல்லூரி கட்டுவதற்காக இடித்தார்கள். அக்கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறித் தலைமுறை தலைமுறையாக அறிவொளி தந்து வருகிறது. நாமும் அந்த ஒளியில் குளிர் காய்ந்தவர்களே. ஆயினும் கோபுரம் போனது போனதுதான். அந்நகரில் மண்ணுக்கடியிலிருந்து வெவ்வேறு காலங்களில் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்களுள் பல இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் முன் நின்றபோது நமக்குத் தோன்றியது இது: தம் வேலையில் மூழ்கியிருந்த நல்லவர்கள், பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததை நிமிர்ந்து பார்க்கவில்லை. கணக்கேட்டிலிருந்து தலை உயர்த்தாத நாம் அவர்கள்மீது குறை சொல்லத் தகுதியுடையவர்கள் அல்லோம்.

பின்னாளில் திருச்சபை நிமிர்ந்து பார்த்தது. பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அதற்கு முன்பே, 1950-இல், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையோரம் மொன்சானின் அடிகளும், பின்னர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பெற்ற லெ சோ அடிகளும் சாந்திவனத்தை நிறுவினர். கோடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் இயேசு சபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமி அவர்கள் 1996-இல் போதி ஜென்டோ என்னும் தியான நிலையத்தைத் தொடங்கினார். ஜப்பானிய ஆசானிடம் ஜென் பயின்று, கற்பிக்கும் உரிமையும் பெற்றவர் அவர்.

நம் மரபிலும் இதற்கு வேர் உண்டு. பாலைவனத் தந்தையர் உள்ளத்தின் வாயிலில் காவல் இருக்கக் கற்பித்தனர். கீழைத் திருச்சபையின் துறவியர் இயேசுவின் திருப்பெயரை மூச்சோடு சேர்த்தனர். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரக் கார்மேல் மடத்தில் சமையற்காரராயிருந்த சகோதரர் லாரன்ஸ், கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போது போலவே அடுக்களைச் சட்டி பானைகளுக்கிடையிலும் இறைவனின் உடனிருப்பை உணர்ந்தார். கேட்பாரற்றுக் கிடந்த நம் வீட்டு நகையை, அயல்வீட்டார் அணிந்திருப்பதைக் கண்டு நினைவுகூர்ந்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

எச்சரிக்கையும் உண்டு. கிறித்தவத் தியானம் குறித்து 1989-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல், இத்தகைய பயிற்சிகளால் உடலுக்குக் கிடைக்கும் இதத்தைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று மயங்கிவிடலாகாது என அறிவுறுத்துகிறது. நல்ல அறிவுரை. நல்ல உறக்கத்தினாலும் இதம் கிடைக்கும். தியானத்தின் கனி நம் உடல் தளர்ந்ததில் இல்லை. அடுத்திருப்பவர் பேசும்போது நாம் அங்கே இருந்தோமா என்பதில் இருக்கிறது.

இனி, இப்பயிற்சியை எங்ஙனம் தொடங்குவது எனக் கேட்கும் இல்லறத்தார்க்கு, நாம் தட்டுத் தடுமாறிக் கற்றவற்றைச் சொல்கிறோம். ஆசானாகச் சொல்லவில்லை, உடன் மாணவனாகச் சொல்கிறோம்.

முதலாவது, பத்து நிமிடம் அமர்தல். பாயிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து அமர வேண்டும். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டியதில்லை. அது தானே வரும், தானே போகும். வெளிச்செல்லும் ஒவ்வொரு மூச்சையும் ஒன்று, இரண்டு எனப் பத்துவரை எண்ணி, மீண்டும் ஒன்றுக்கு வர வேண்டும். ஜென் மரபில் தொடக்க நிலையினருக்குத் தரப்படும் பயிற்சி இது. எளிது என்று தோன்றும். மூன்றை எட்டுமுன் மனம் சந்தைக்குப் போயிருக்கும். நமக்கு முதல் மாதம் முழுவதும் பத்து வந்ததே இல்லை. ஒருநாள் பதினேழு என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டு நாமே சிரித்தோம். மனம் போய்விட்டது என்று அறிந்த அந்த நொடியே விழிப்பு. அப்போது தன்னைத் தானே திட்டாமல் 'ஒன்று' எனத் திரும்ப வேண்டும். போகாதிருப்பது பயிற்சி அன்று. திரும்பி வருவதே பயிற்சி.

எவ்வளவு இறுக்கமாகக் கவனிப்பது என்று பலர் கேட்பர். அதற்கு விடை கோடியக்கரையிலேயே கிடைத்தது. அங்குள்ள காடும் சதுப்பும் 1967 முதல் சரணாலயம். 2002-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் அங்கு வந்து கூடும். பறவையியல் அறிஞர் சலீம் அலி அவர்களின் ஊக்கத்தால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக அங்குப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு ஆராய்ந்து வந்துள்ளனர். ஒருமுறை அதனைப் பார்க்கும் பேறு கிட்டியது. வலையில் அகப்பட்டது கொசு உள்ளான் ஒன்று. எடை முப்பது கிராம்கூட இராது. வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் முட்டை பொரித்துவிட்டு, அவ்வளவு தொலைவையும் கடந்து வந்த உயிர். அதைக் கையில் ஏந்திய இளைஞர், சுட்டு விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் அதன் கழுத்து வரும்படி வைத்து, உடலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். தளர்த்தினால் பறந்துவிடும் என்றார். வளையத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, எடை பார்த்து, கையை விரித்தார். பறவை போயிற்று. அவர் அதைப் பிடித்துவைத்துக்கொள்ள எண்ணவே இல்லை. மூச்சையும், நடுவில் வரும் எண்ணத்தையும், துயரத்தையும்கூட அந்தப் பிடியில் ஏந்தினால் போதும். என்னவென்று அறிந்து, பெயர் சொல்லி, விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, மணியோசை. நம் ஆலயங்களில் காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபத்திற்கு மணி ஒலிக்கும் வழக்கம் உண்டு. அந்த ஓசை கேட்டதும் வயலில் நிற்பவரும் அடுப்படியில் நிற்பவரும் கைவேலையை நிறுத்துவது நம் முன்னோர் கண்ட நல்ல நெறி. அண்மையில் 2022-இல் மறைந்த வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் அவர்களும் மணியோசை கேட்டதும் நின்று மூச்சைக் கவனிக்கவே தம் மாணவருக்குக் கற்பித்தார். மணி கேட்காத ஊரில் கைப்பேசி மணி கேட்கிறதே! அதை உடனே தாவி எடுக்காமல், ஒரு மூச்சை முழுதாய் உணர்ந்தபின் எடுத்துப் பாருங்கள். பேசத் தொடங்கும் குரலே மாறியிருக்கும்.

மூன்றாவது, நாள்தோறும் ஒரே ஒரு வேலையை முழுமையாகச் செய்தல். எல்லாவற்றையும் விழிப்போடு செய்வேன் என்று உறுதி எடுப்பவர் இரண்டாம் நாளே கைவிடுவார். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முறத்தில் அரிசி புடைப்பதாகலாம், கிழிந்த வலையைச் சீர் செய்வதாகலாம், பாத்திரம் துலக்குவதாகலாம். கைக்குத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது, ஈயப் பாத்திரத்தின் விளிம்பு தேய்ந்திருக்கிறது, சோப்பு வழுக்குகிறது என்று கைக்குத் தெரிவதை மனமும் அறிந்துகொண்டிருந்தால் போதும். உண்ணும்போது தொலைக்காட்சியை நிறுத்தி முதல் மூன்று கவளங்களையேனும் சுவைத்து உண்ணுங்கள். இந்த வட்டாரத்தில் ஒரு பிடி சோற்றுக்குப் பின்னே எத்தனை பேர் சேற்றில் குனிந்திருக்கின்றனர் என்பது தானே நினைவுக்கு வரும்.

நான்காவது, நடை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடந்து வருவோரைப் பார்த்திருக்கிறோம். முதல் நாள் பேச்சும் பாட்டுமாக நடப்பவர்கள், மூன்றாம் நாள் பாதத்தை மட்டுமே அறிந்தவர்களாய் நடப்பார்கள். அந்த நடையை வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை நடக்கலாம். பாதம் மண்ணைத் தொடுகிறது, எழுகிறது, மீண்டும் தொடுகிறது. அவ்வளவே.

ஐந்தாவது, இரவில் ஆன்ம சோதனை. லொயோலா இஞ்ஞாசியார் தம் துறவியர்க்கு விட்டுச் சென்ற செல்வம் இது. படுக்குமுன் ஐந்து நிமிடம் நாளைத் திரும்பிப் பார்த்து, இன்று நான் எங்கே இருந்தேன், எங்கே இல்லாதிருந்தேன் என்று கேட்டுப் பாருங்கள். நாம் கேட்கும் கேள்வி இன்னும் குறுகியது: இன்று நம்மிடம் பேசியவர்களில் யாருடைய சொல்லை நம்மால் திரும்பச் சொல்ல முடியும்?

இரண்டு செய்திகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கடற்கரை 2004 டிசம்பர் 26-ஐ மறவாத கடற்கரை. அன்று தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகை மாவட்டம். அலையில் பிள்ளையை விட்ட தாய் கண்ணை மூடி அமர்ந்தால் அமைதி வருவதற்குப் பதில் அலையே திரும்ப வரலாம். அத்தகையோரைக் கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாகாது. அவர்கள் கண் திறந்து, பாதத்தில் மண்ணை உணர்ந்து, துணைக்கு ஒருவரோடு நடக்கட்டும். உறக்கம் கெட்டு நாள்கள் நீண்டால் மருத்துவரை நாடட்டும். நாள்பட்ட வலியுள்ளோர்க்காக 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் கபாட்-ஜின் என்பவர் ஒரு பயிற்சியாக இதனை வகுத்தபோதும், மருத்துவத்தோடு சேர்ந்து நிற்கும் துணையாகவே அமைத்தார்; மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை.

மற்றொன்று, இதனைப் பிறர் வாயை அடைக்கும் கருவியாக்கலாகாது. உச்சி வெயிலில் உப்பு வாரி, கால் வெடித்து, கூலி போதவில்லை என்று நிற்கும் தொழிலாளியிடம் 'மூச்சைக் கவனி, அமைதி வரும்' என்று சொல்வது தியானமாகாது. அது அவரை நிமிர்ந்து பார்க்க மறுக்கும் பராக்கே ஆகும். விழிப்பு என்பது அவருடைய காலைப் பார்ப்பதில் தொடங்க வேண்டும்.

நம் கதைக்குத் திரும்புவோம். இப்பயிற்சியைத் தொடங்கிய சில ஆண்டுகளில் நம் கோபம் ஓரளவு குறைந்தது என்று பங்கு இல்லத்தில் சமைப்பவர் சொல்வதுண்டு. மறையுரையும் சற்றுச் சுருங்கியது. மக்களுக்கு அதில் மகிழ்ச்சியே. ஆயினும் ஒவ்வொரு முறை அமரும்போதும் எண்ணிக்கையின் நடுவே ஒரு முகம் வந்து நின்றது. 'என்ன சொன்னாரு சாமி?' உள்ளான் பறந்ததுபோல் அது பறக்கவில்லை. பறக்க விடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று மிச்சமிருந்தது என்பதே அதற்குக் காரணம் என்று மெல்லப் புரிந்தது.

பருவம் தொடங்கிய ஒரு நாளில், பங்கு மாறிச் சென்றிருந்த நாம் கோடியக்கரைக்குப் போனோம். மகனோடு கொட்டகை போட்டிருந்தார் அந்த அம்மையார். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். வாடைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மணலில் அமர்ந்து உண்மையைச் சொன்னோம். அவர் கணவர் பேசியதை நாம் கேட்கவில்லை என்றும், எழுதிக்கொண்டிருந்தோம் என்றும், அன்று சொன்னது பொய் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அருள்சாதனத்தில் எத்தனையோ பேருக்கு மன்னிப்பு வழங்கிய நமக்கு, அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லி முடிப்பது எளிதாக இல்லை.

அவர் கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் சாமி. அன்னைக்கி உங்க மொகத்தப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சி. நீங்களும் தூங்காம அலஞ்ச காலம் அது."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்:

"இப்ப ஒக்காந்திருக்கீங்கள்ல? அவரு என்ன பேசியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன், கேளுங்க."

பொழுது சாய்ந்து கலங்கரை விளக்கு சுழலத் தொடங்கும்வரை அவர் பேசினார். படகு வாங்கிய கதை, முதல் வலை, கரைக்கு வராமற்போன தம்பி, கடைசி மகளின் திருமணக் கடன் என்று அது நீண்டது. நம் மனம் பலமுறை வெளியே போயிற்று. மாலைத் திருப்பலிக்குப் போயிற்று. திரும்பிச் செல்லும் பேருந்துக்குப் போயிற்று. போனதை அறிந்த ஒவ்வொரு முறையும் 'ஒன்று' என்று அவருடைய குரலுக்குத் திரும்பி வந்தோம். அன்று நாம் செய்த தியானம் அதுதான். வேறு தியானம் செய்யவில்லை.

அவர் சொன்னவை அவருக்கும் அவர் கணவருக்கும் உரியவை. அவற்றை இங்கே எழுதுவது முறையாகாது. ஆயின் நம்மைக் கேட்டால் ஒன்று விடாமல் சொல்ல முடியும்.